ஐந்து பருவம், இரண்டு அங்குலச் சுவர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம் தென்மேற்கே போனால் ஹீலா பெண்ட் என்ற சின்ன ஊர் வரும். சுற்றிலும் சொனோரன் பாலைவனம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாததால் அந்தப் பக்கம் சூரிய மின்நிலையங்கள் நிறைய. அப்படி ஒன்றின் கண்காணிப்பு மென்பொருள் வேலைக்காக அக்டோபரில் போய், அடுத்த ஆகஸ்ட் வரை பதினொரு மாதம் அங்கே தங்கினேன். தங்கக் கிடைத்தது 24 அடி நீளமுள்ள ஒரு டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஆர்வி பார்க் என்ற வாடகை மைதானத்தில் அதை நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றையும் இணைத்துவிட்டால் குடித்தனம் ஆரம்பம்.

"பாலைவனத்துல எப்படிப்பா இருந்தே, ஏசி இருந்துச்சா?" என்றுதான் நண்பர்கள் கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் ஏசி என்ற ஒரு சொல்லோடு முடிகிற கதை இல்லை இது. அங்கே ஒரு பருவத்தில் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு அடுத்த பருவத்தில் நமக்கே எதிரியாகிறது. அந்த மாற்றம் எந்த நாளில் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை. சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பதினொரு மாதம் குறித்து வைத்ததை இங்கே தொகுக்கிறேன்.

முதலில் ஒரு எடைக் கணக்கு

பருவங்கள் டிரெய்லரை ஏன் இப்படிப் படுத்துகின்றன? அரிசோனாவின் பழைய வீடுகள் பல, அடோபி எனப்படும் சுடாத மண் கல்லால் கட்டியவை. நம்ம ஊர் பச்சைச் செங்கல் மாதிரி. என் டிரெய்லரின் அளவில், அதாவது 24க்கு 8 அடியில், ஒரு அடோபி அறை கட்டுவதாக வையுங்கள். 40 சென்டிமீட்டர் கனமுள்ள சுவருக்கு மட்டுமே கிட்டத்தட்ட 30 டன் மண் வேண்டும். என் டிரெய்லரோ சக்கரம், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து மூன்று டன்கூட வராது. சுவரின் கனம் இரண்டு அங்குலம்: வெளியே மெல்லிய தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் கொஞ்சம் கண்ணாடி இழை. அவ்வளவுதான்.

மண் சுவரில் மதியம் பட்ட வெயில் உள்ளே வந்து சேரப் பத்து மணி நேரம்போல ஆகும். அது வரும்போது வெளியே இரவாகி, காற்று குளிர்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் தீர்ந்தது. டிரெய்லரில் மதிய வெயில் மதியமே உள்ளே வந்துவிடும். உள்ளே இருக்கிற காற்றின் எடை சுமார் 40 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 40 கிலோஜூல் போதும். டீ போடும் எலெக்ட்ரிக் கெட்டில் அரை நிமிடத்தில் கொடுக்கும் வெப்பம் அது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், மண் வீட்டுக்கு பஃபர் பெரிசு. டிரெய்லருக்கு பஃபரே கிடையாது.

பருவம் நான்கு இல்லை, ஐந்து

டூசான் நகரில் அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது. சொனோரன் பாலைவனத்துக்கு ஐந்து பருவம் என்பது அவர்கள் கணக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வசந்தம். மே, ஜூன் வறண்ட முன்கோடை. ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மழைக்கோடை. அதன்பின் இலையுதிர் காலம். டிசம்பர், ஜனவரி குளிர்காலம். கோடையை இரண்டாக உடைத்ததுதான் இதில் முக்கியம். ஆறு பருவம் வைத்திருக்கும் நமக்கு இது புரிவது சுலபம்: முன்கோடைக்கு முதுவேனில், மழைக்கோடைக்குக் கார் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கார்காலமும் கொதிக்கும் என்பது மட்டும் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாகச் சொல்கிறது. அந்தப் பாலை வேறு, இந்த மணல்வெளி வேறு. ஆனாலும் ஜனவரி விடியலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோது, வறண்ட நிலத்துக்கு வெயிலும் உண்டு, குளிரும் உண்டு என்று எழுதி வைத்த ஆளை நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலம்: உள்ளே பெய்யும் மழை

பாலைவனத்துக் காற்றில் நீராவி குறைவு, மேகமும் குறைவு. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் அகச்சிவப்புக் கதிராகத் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். அதனால் பகல் 20 டிகிரி செல்சியஸ், விடியற்காலை 4 டிகிரி என்பது டிசம்பரில் சாதாரணம். சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழும் போகும். அன்றைக்கு வெளியே கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைக்காவிட்டால் காலையில் உள்ளே ஐஸ்தான்.

அப்போது ஹீட்டர் போடுவோம். இங்கேதான் முதல் வேடிக்கை. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. பள்ளிக்கூட வேதியியல்தான்: புரொபேனில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. டிரெய்லரோடு வரும் ஃபர்னஸ் அந்தப் புகையை வெளியே தள்ளிவிடும். ஆனால் எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சிலர் உள்ளேயே எரியும் சின்ன ஹீட்டர் வைத்துக்கொள்வார்கள். அதன் நீராவி முழுக்க அறைக்குள்தான். தூங்குகிற ஒரு ஆளின் மூச்சும் தோலும் ஒரு இரவில் கால் லிட்டர்போலச் சேர்க்கும். சமையல் வேறு.

உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அந்தக் காற்று 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். இந்த 9 டிகிரிக்குப் பெயர் பனிநிலை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் அதைவிடக் குளிர்ந்து இருக்கும். காலையில் ஜன்னலோரம் ஓடை. மெத்தைக்கு அடியில் ஈரம். ஒரு மாதத்தில் கரும்பூஞ்சை. பாலைவனத்தின் நடுவே பூஞ்சைத் தொல்லை! வழி எளிது. குளிராக இருந்தாலும் கூரைத் துவாரத்தை விரலளவு திறந்து வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு பயத்துக்கும் அது நல்லது. அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

பனிநிலை என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மறுபடி வரும்.

நிறுத்தும் திசையும் வசந்தத்துக் காற்றும்

ஹீலா பெண்ட் 33 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் மதியம் சூரியன் தெற்கே வெறும் 34 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் மதியத்தில் 80 டிகிரி, கிட்டத்தட்ட உச்சந்தலை. எனவே டிரெய்லரின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் இரட்டை லாபம். குளிர்காலத்தில் நீளமான தெற்குச் சுவரில் வெயில் படும். கோடையில் அதே சுவரை துணிப்பந்தலை விரித்து மறைத்துவிடலாம். சாயங்கால மேற்கு வெயில் குட்டைச் சுவரில் மட்டும் விழும். நீளச் சுவரின் பரப்பில் குட்டைச் சுவர் மூன்றில் ஒரு பங்குதான். மாலை ஐந்து மணி வெயிலில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

மார்ச், ஏப்ரலில் காற்று. துணிப்பந்தலைச் சுருட்டாமல் வேலைக்குப் போனால் திரும்பி வரும்போது அது அடுத்த மனையில் கிடக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்று நீளச் சுவரில் நேராக மோதினால் தள்ளும் விசை சுமார் 850 கிலோ எடைக்குச் சமம். மூன்று டன்னுக்கும் குறைவான பெட்டிக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிறுத்துவது அந்த ஊர்ப் பழசுகளின் பழக்கம். வசந்தத்திலும் மழைக்கோடையிலும் வரும் பெரிய காற்றுகள் வெவ்வேறு திசை என்பதால் எந்த நிறுத்தமும் முழுத் தீர்வு கிடையாது. நாலு மூலையிலும் தாங்கு கால், தரையில் அடித்த நங்கூரம், அவ்வளவுதான் செய்ய முடியும்.

முன்கோடை: தண்ணீர் குடிக்கும் கூலர்

மே, ஜூன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. ஜூன் மதியம் 43 டிகிரி, ஈரப்பதம் 8 சதவீதம் என்பது வழக்கமான நாள். துவைத்த சட்டை கொடியில் போடும்போதே காய ஆரம்பிக்கும்.

இந்தப் பருவத்துக்கு அங்கே ஸ்வாம்ப் கூலர் என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் ஏர் கூலர்தான். ஈரமான பட்டை, அதன் வழியே காற்றை இழுக்கும் மின்விசிறி, தண்ணீர் ஏற்றும் சின்ன பம்ப். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு டன் ஏசியின் குளிர்ச்சிக்கு மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும். மின்சாரமோ 300 வாட் போதும். கூரையில் இருக்கும் டிரெய்லர் ஏசி 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். மின்கட்டணத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

எவ்வளவு குளிரும் என்பதை நிர்ணயிப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் காட்டுமே, அந்த அளவு. 43 டிகிரி, 8 சதவீத ஈரப்பதத்தில் அது சுமார் 19 டிகிரி. நல்ல கூலர் அந்த இடைவெளியில் 80 சதவீதம் இறக்கும். அதாவது 43-லிருந்து 24 டிகிரிக்கு! சென்னையில் இதே பெட்டி ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதில் தெரிகிறது. மே மாதம் 37 டிகிரி, பனிநிலை 26 என்றால் ஈரக்குமிழே 28-ஐத் தாண்டிவிடும். கூலர் 30 டிகிரிப் புழுக்கத்தைத்தான் கொடுக்கும்.

ஜூன் மாதம் முழுக்க நான் ஏசியைத் தொட்டதே கொஞ்சம். ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்க வேண்டும். உள்ளே வரும் ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் கூலர் தன் ஈரத்தையே திரும்பத் தின்னும்.

மழைக்கோடை: அதே பெட்டி, எதிர் வேலை

ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் காற்றின் திசை மாறுகிறது. கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரம் வருகிறது. இரண்டே நாளில் பனிநிலை 2 டிகிரியிலிருந்து 18-க்கு ஏறிவிடும். வெப்பமானி 43-லிருந்து 40-க்கு இறங்கியிருக்கும். "அப்பாடா, சூடு குறைஞ்சிருச்சு" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

40 டிகிரி, பனிநிலை 21 என்று வையுங்கள். ஈரக்குமிழ் 26-க்கு வந்துவிடுகிறது. கூலர் இப்போது கொடுப்பது 29 டிகிரிக் காற்று, 80 சதவீத ஈரப்பதத்தோடு. தகடு வழியே இறங்கும் வெயில் அதை 32, 33 ஆக்கிவிடும். வியர்வை காயாது. வியர்வை காய்வதுதான் உடம்பின் கூலர். பெட்டிக் கூலர் ஓட ஓட உடம்புக் கூலர் நிற்கிறது. இரவிலும் நிம்மதி கிடையாது. ஈரக்காற்றும் மேகமும் தரையின் வெப்பத்தை வெளியே விடாது.

அமெரிக்க வானிலைச் சேவை ஒரு காலத்தில் இந்தப் பருவத்தின் தொடக்கத்தைப் பனிநிலையை வைத்தே தீர்மானித்தது. ஃபீனிக்ஸில் தொடர்ந்து மூன்று நாள் சராசரி பனிநிலை 55 பாரன்ஹீட், அதாவது சுமார் 13 செல்சியஸ் இருந்தால் பருவமழை ஆரம்பம். 2008 முதல் அதை விட்டுவிட்டு ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று தேதியால் வரையறுத்தார்கள். மக்களை எச்சரிக்கத் தேதிதான் வசதி. ஆனால் கூலர் வைத்திருக்கிறவனுக்குப் பழைய வரையறைதான் பயன். பனிநிலை 13 வரை கூலர் 41 டிகிரி நாளிலும் 26 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். அதைத் தாண்டித் தாண்டி ஏற, பெட்டி சிநேகிதனிலிருந்து விரோதியாக மாறுகிறது. என் டிரெய்லரில் விதி இதுதான்: 13 வரை கூலர், ஜன்னல் திறப்பு, அதற்கு மேல் ஏசி, ஜன்னல் அடைப்பு. இரண்டையும் சேர்த்துப் போடுவது வீண். ஏசியின் பாதி உழைப்பு கூலர் கொட்டிய ஈரத்தைப் பிழிவதிலேயே போகும்.

இதே பருவத்தில்தான் ஹபூப் என்ற புழுதிச் சுவர் வரும். இடிமழை மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்காற்று தரையில் பரவி மண்ணை வாரிக்கொண்டு வருவது. ஜூலை 5, 2011 அன்று ஃபீனிக்ஸை மூடியது ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் உயரம். அந்தக் காற்றில் மின்கம்பங்கள் சாயும். டிரெய்லர்வாசிக்குப் புழுதியைவிடப் பெரிய பயம் மின்வெட்டு.

பக்கத்து டிரெய்லர்

என் பக்கத்து மனையில் ஒரு பெரியவர். வயது 76. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய டிரெய்லரின் டயர்கள் வெடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கல் மேல் நின்றது. அவர் ஆண்டு முழுக்க ஸ்வாம்ப் கூலர்தான். ஏசி ஒன்று கூரையில் இருந்தது. கட்டணத்துக்குப் பயந்து போடமாட்டார். ஈரம் வந்தால் தன் முழங்கால் சொல்லும், எந்திரம் வேண்டாம் என்பார்.

பத்து டாலருக்குள் ஒரு சென்சாரும் சின்ன போர்டும் வாங்கி, பனிநிலையை மட்டும் காட்டும்படி ஒரு பெட்டி செய்து அவர் கதவருகே ஒட்டினேன். எண் 55-ஐத் தாண்டினால் ஏசி என்று எழுதியும் வைத்தேன். ஒரு வாரம் அதைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூலை நடுவில் ஒரு மாலை, தூரத்தில் இடி. எங்களுக்குப் புழுதி மட்டும், மழை இல்லை. மின்சாரம் போனது. வெளியே 37 டிகிரி. என் டிரெய்லருக்குள் 27-ல் இருந்த வெப்பமானி முக்கால் மணி நேரத்தில் 35-ஐத் தொட்டது. 40 கிலோ காற்று என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்குதான். பெரியவர் கதவைத் தட்டினேன். சட்டை நனைந்து, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம். வயதானவர்களுக்குத் தாகமும் மங்கும், வியர்க்கும் திறனும் குறையும். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, திறந்த மைதானத்தில் என் காரை நிறுத்தி, அதன் ஏசியில் உட்கார வைத்தேன். கழுத்தில் ஈரத்துண்டு, கையில் தண்ணீர். அரை மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. தெளியாமல் இருந்திருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். வெயிலில் குழம்பிய பேச்சு என்றால் அதுதான் சரியான வழி. மின்சாரம் வர ஐந்து மணி நேரம் ஆனது.

ஹீலா பெண்ட் இருப்பது மேரிகோப்பா கவுண்டியில். 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 பாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் 43-க்கு மேல். அந்த ஆண்டு கவுண்டியில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அங்கே வீட்டுக்குள் இறந்தவர்களில் டிரெய்லர், மொபைல் ஹோம் வாசிகளின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லிவருகின்றன. பல வீடுகளில் ஏசி இருந்தது, ஓடவில்லை. மொபைல் ஹோம் மைதான உரிமையாளர்கள் ஜன்னல் ஏசியையும் நிழல் ஏற்பாட்டையும் தடுக்கக்கூடாது என்று 2024-ல் அரிசோனா சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யூகித்துக்கொள்ளலாம்.

சக்கரம் எதற்கு?

அந்த மண்ணின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதம் மக்கள் ஆண்டுக்கு இரண்டு ஊரில் வாழ்ந்தார்கள். கோடை மழை வரும்போது வெள்ளம் பாயும் சமவெளியில் பயிர் ஊர். குளிர்காலத்தில் வற்றாத நீர் இருக்கும் மலையோரத்தில் ஊற்று ஊர். சவாரோ கள்ளி பழுக்கும் காலம்தான் அவர்களுக்குப் புத்தாண்டு. மழையை அழைக்கும் சடங்கும் அப்போதுதான். பருவத்தை அவர்கள் எதிர்த்து நிற்கவில்லை, இடம் மாறினார்கள்.

டிரெய்லரும் உண்மையில் அதே யோசனைதான். மேற்கே குவார்ட்சைட் என்ற ஊரில் மத்திய அரசின் நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்க அனுமதி உண்டு. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வரும் ஓய்வுபெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுவார்கள். வெயில் ஏறும்போது கிளம்பிவிடுவார்கள். இரண்டு அங்குலச் சுவர் அவர்களுக்குப் போதும். முதுவேனிலைச் சந்திக்க வேண்டிய அவசியமே அந்தச் சுவருக்கு இல்லையே. மண் வீட்டின் பாதுகாப்பு அதன் எடை. டிரெய்லரின் பாதுகாப்பு அதன் சக்கரம். சக்கரம் நின்றுபோன டிரெய்லருக்கு இரண்டுமே கிடையாது. அதில் ஆண்டு முழுக்க இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர்கள். அவர்களுக்கு மிச்சம் இருப்பது கவனம் ஒன்றுதான்: கூரையில் வெள்ளைப் பூச்சு, ஜன்னலில் வெள்ளித்தாள், கூரைத் துவாரத்துக்கு மூடி, மின்சாரம் போனால் எங்கே ஓடுவது என்ற முடிவு, தட்டுவதற்கு ஒரு பக்கத்துக் கதவு.

ஆகஸ்ட் கடைசியில் நான் கிளம்பிவிட்டேன். எனக்குச் சக்கரம் இருந்தது. பெரியவர் இப்போதும் அங்கேதான். அடுத்த ஜூன் கடைசியில் அவரிடமிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வெறும் எண்: 57. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: கூலரை நிறுத்திவிட்டேன், ஏசி ஓடுகிறது, கட்டணத்தை நீ கட்டு.